ஒரு தகடு, மூன்று வால்வு, ஒரு கிடார்



எலக்ட்ரிக் கிடாரை எதிலும் இணைக்காமல் சும்மா மீட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. மரக் கிடாருக்கு வயிற்றில் காலியிடம் உண்டு. அதிலுள்ள காற்றும் மேல்பலகையும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைப் பெருக்குகின்றன. எலக்ட்ரிக் கிடாரின் உடலோ பெரும்பாலும் கெட்டிப் பலகை. அதன் ஒலியைப் பெருக்கித் தருவது தனியே நிற்கும் ஒரு பெட்டி. அதுதான் ஆம்ப்ளிஃபயர். கலைஞர்கள் சுருக்கமாக ‘ஆம்ப்’ என்பார்கள்.

இன்று நாம் பேசப்போவது பழைய ஆம்ப் ஒன்றைப் பற்றி. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் தயாரான ‘ஃபெண்டர் சாம்ப்’ அது. 1950களின் பிற்பகுதியில் தொடங்கி 1964 வரை வந்த அதன் வடிவத்துக்கு ‘5எஃப்1’ என்று பெயர். மூன்றே மூன்று வால்வுகள், 8 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஒலியளவைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு குமிழ். மொத்தத் திறன் ஏறத்தாழ 5 வாட். சின்னப் பெட்டிதான், ஆனால் இன்றும் கலைஞர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

நம் மேசைமேல் அந்த ஆம்ப்பின் வெறும் இரும்புத் தகடு மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்தத் தகட்டுக்குச் சேஸிஸ் என்று பெயர். பழைய பாகங்களுக்கு நல்ல விலை கிடைப்பதால், வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், வயர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து விற்பவர்கள் உண்டு. அப்படிப் பிரித்த பிறகு மிஞ்சுவது துளைகள் நிறைந்த இந்தத் தகடுதான். இதை மறுபடி ஒலிக்க வைக்க முடியுமா? முடியும். எப்படி என்று பார்ப்போம்.

துளைகளைப் படிப்போம்

முதல் வேலை, கையில் ஸ்கேலை எடுத்துக்கொண்டு தகட்டை உற்றுப் பார்ப்பது. பெரிய வட்டத் துளைகள் இரண்டு இருக்கின்றன. அவை எட்டு ஊசி வால்வுகளின் சாக்கெட்டுகளுக்கானவை. சற்றுச் சிறிய வட்டம் ஒன்று, ஒன்பது ஊசி வால்வுக்கு. ஆக, மூன்று வால்வுகள் எவை, எங்கே இருந்தன என்பது தெரிந்துவிட்டது. முகப்பில் வரிசையாக இருக்கும் சிறு துளைகள் கிடார் செருகும் ஜாக்குகளுக்கும், ஒலியளவுக் குமிழுக்கும், சிவப்பு விளக்குக்கும், ஃபியூஸுக்கும் உரியவை. திருகுத் துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்தால், எந்த அளவு டிரான்ஸ்ஃபார்மர் அங்கே பொருந்தும் என்று கணக்கிடலாம்.

தப்பித் தவறி ஒலியளவுக் குமிழின் பாகம் மட்டும் கழற்றப்படாமல் இருந்தால் இன்னும் நல்லது. அதன் முதுகில் ஓர் எண் பொறித்திருக்கும். உதாரணமாக 1376012 என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இலக்கம், 137, தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும், இது சி.டி.எஸ். நிறுவனத்தின் எண். அடுத்த 60 என்பது 1960ஆம் ஆண்டு. கடைசி 12 என்பது அந்த ஆண்டின் பன்னிரண்டாவது வாரம், அதாவது மார்ச் மாதம். அந்தப் பாகம் மார்ச்சில் பிறந்தது என்றால், ஆம்ப் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு எண்ணை வைத்து இவ்வளவு தூரம் போய்விட்டோம், பார்த்தீர்களா?

‘5எஃப்1’ என்ற பெயரையும் பிரித்துப் படிக்கலாம். 5 என்பது 1950கள். எஃப் என்பது அந்த மின்சுற்று எத்தனையாவது முறை திருத்தப்பட்டது என்று காட்டும் எழுத்து. 1 என்பது சாம்ப் வகை.

ரேடியோ பழுதுபார்த்தவர்

இந்த ஆம்ப்பை உருவாக்கிய லியோ ஃபெண்டர் 1909இல் பிறந்தவர். கல்லூரியில் படித்தது கணக்கியல். மின்னணுவியலைத் தானாகவே கற்றுக்கொண்டார். 1938இல் ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். கிடார்க் கம்பெனி தொடங்கிய அவருக்குக் கடைசிவரை கிடார் வாசிக்கத் தெரியாது! கலைஞர்கள் கடைக்கு வந்து சொன்ன குறைகளைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்கேற்பக் கருவிகளைத் திருத்திக்கொண்டே போனார்.

பழுதுபார்ப்பவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: எந்தப் பொருளும் ஒருநாள் பழுதாகும். அதனால் அவர் செய்த ஆம்ப்புகளைத் திறப்பது எளிது. உள்ளே ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பலகைமேல் வரிசையாக இருக்கும். எந்த வால்வு எங்கே என்று காட்டும் தாளைப் பெட்டிக்குள் ஒட்டி அனுப்பினார்கள். எந்தப் பாகம் எங்கே உட்கார்ந்து எந்த வயரைத் தொடுகிறது என்று காட்டும் படங்களும் உண்டு. 5எஃப்1இன் அந்தப் படங்கள் இன்றும் கிடைக்கின்றன. வெறும் தகட்டை வைத்துக்கொண்டு நாம் துணிந்து வேலை தொடங்க முடிவது இதனால்தான்.

வால்வுக்குள் என்ன நடக்கிறது?

காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்தான் வால்வு. உள்ளே நடுவில் மெல்லிய உலோகக் குழல் ஒன்று உண்டு. அதற்கு எதிர்மின்வாய் என்று பெயர். அதன் மேல் பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆக்ஸைடுகள் பூசப்பட்டிருக்கும். அதற்குள் இருக்கும் சூடேற்றும் கம்பி அதை ஏறத்தாழ 700 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கும். அந்தச் சூட்டில் எதிர்மின்வாயிலிருந்து எலக்ட்ரான்கள் துள்ளி வெளியே வரும். சுற்றிலும் நேர்மின்வாய் என்ற உலோகத் தகடு நிற்கிறது. அதற்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால், எதிர் மின்சுமை கொண்ட எலக்ட்ரான்கள் அதை நோக்கிப் பாயும். திரும்பி வராது. இப்படி ஒரே பக்கம் மின்னோட்டத்தை விடும் வால்வை 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் செய்தார்.

1906இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் எதிர்மின்வாய், நேர்மின்வாய் இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கம்பி வலையை வைத்தார். பெரிய மாற்றம் இங்கேதான் நடந்தது. ஏரி மதகை நினைத்துக்கொள்ளுங்கள். மதகுக் கதவை ஒருவர் கையால் கொஞ்சம் ஏற்றி இறக்கினால், வாய்க்காலில் ஓடும் வெள்ளம் அதற்கேற்பக் கூடும், குறையும். வெள்ளத்தின் பலம் அவர் கையிலிருந்து வருவதில்லை, ஏரியிலிருந்து வருகிறது. கம்பி வலைக்கு நாம் கொடுக்கும் மிகச் சிறிய மின்னழுத்த மாற்றம், பாயும் எலக்ட்ரான்களை அப்படித்தான் ஆட்டிப் படைக்கிறது. பெருக்கம் என்றால் இதுதான்.

வால்வின் உச்சியிலோ பக்கவாட்டிலோ கண்ணாடிக்குள் வெள்ளிநிறப் பூச்சு ஒன்று மின்னும். அது பேரியம். மிச்சமிருக்கும் வாயுத் துளிகளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். எங்காவது விரிசல் விட்டுக் காற்று புகுந்தால், பேரியம் காற்றோடு சேர்ந்து வெள்ளையாகிவிடும். வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அந்த வால்வு போச்சு என்று எந்தக் கருவியும் இல்லாமலே சொல்லிவிடலாம்.

கம்பியிலிருந்து ஸ்பீக்கர் வரை

இனி ஒலி எந்த வழியாகப் போகிறது என்று தொடர்ந்து போவோம். கிடாரின் ஐந்தாவது கம்பியைத் தட்டினால் அது நொடிக்கு 110 முறை அதிரும். கம்பி எஃகால் ஆனது. அதற்குக் கீழே காந்தமும், காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட மெல்லிய செப்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. எஃகுக் கம்பி ஆட, காந்தப்புலம் ஆடுகிறது. காந்தப்புலம் ஆட, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான்.

அந்த மின்னழுத்தம் மிகச் சிறியது. 0.02 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அது ‘12ஏஎக்ஸ்7’ என்ற ஒன்பது ஊசி வால்வுக்குள் போகிறது. அந்த ஒரு குழாய்க்குள் தனித்தனியாக இரண்டு வால்வுகள் உண்டு. முதல் பாதி ஏறத்தாழ 50 மடங்கு பெருக்கினால், 0.02 வோல்ட் 1 வோல்ட் ஆகிவிடும். அடுத்து ஒலியளவுக் குமிழ். அதில் எவ்வளவு அனுப்ப வேண்டுமோ அவ்வளவை மட்டும் அனுப்பலாம். பிறகு இரண்டாம் பாதி மறுபடி பெருக்கும்.

கடைசியில் ‘6வி6’ என்ற எட்டு ஊசி வால்வு. ஸ்பீக்கரைத் தள்ள வேண்டிய பலம் இங்கேதான் உருவாகிறது. ஆனால் வால்வு தருவது உயர்ந்த மின்னழுத்தமும் குறைந்த மின்னோட்டமும். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. இரண்டுக்கும் நடுவே நின்று அதை மாற்றிக் கொடுப்பது வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மர். அது இல்லாமல் ஸ்பீக்கரை நேராக வால்வோடு இணைத்தால், சத்தம் மிக மிகக் குறைவாகத்தான் வரும்.

மூன்றாவது வால்வான ‘5ஒய்3’ ஒலியைத் தொடுவதே இல்லை. சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்னோட்டத்தை நேர்திசை மின்னோட்டமாக ஆக்குவது அதன் வேலை. ஃபிளெமிங் செய்த வால்வின் வழித்தோன்றல் அது.

கட்டத் தொடங்குவோம்

கட்டும் வரிசை முக்கியம். கனமானவை முதலில், மெல்லியவை பிறகு. தகட்டின் துருவைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகு, சாக்கெட்டுகளையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் திருகி முடுக்க வேண்டும். அடுத்தது வால்வுகளைச் சூடாக்கும் வயர்கள். இவற்றில் மாறுதிசை மின்னோட்டம் ஓடுவதால் சுற்றிலும் காந்தப்புலம் எழும். அது பக்கத்து வயர்களில் புகுந்து ‘உம்ம்ம்’ என்று இரைச்சலாக வரும். இரண்டு வயர்களையும் ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால், போகும் மின்னோட்டத்தின் புலமும் வரும் மின்னோட்டத்தின் புலமும் ஒன்றையொன்று பெரும்பாலும் அழித்துவிடும். வெறும் முறுக்கு, செலவே இல்லாத வைத்தியம்!

பிறகு பாகங்கள் அமரும் பலகை. பழைய ஆம்ப்பில் இது அழுத்திச் செய்த நார் அட்டை. அதில் பித்தளைக் கண்கள் பதித்திருக்கும். ஒவ்வொரு பாகத்தின் காலையும் அந்தக் கண்ணில் நுழைத்து, சால்டரிங் அயர்னால் சூடாக்கி, ஈயம் உருக்கிப் பிடிக்க வைப்பார்கள். வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 என்று கலந்தால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். காரீயம் நச்சு என்பதால் வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியே ஆக வேண்டும்.

பலகையில் அமர்பவை பெரும்பாலும் இரண்டு வகை: மின்தடை, மின்தேக்கி. மின்தடையின் மதிப்பு அதன் உடம்பிலேயே வண்ண வளையங்களாக எழுதியிருக்கும். கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. முதல் இரண்டு வளையங்கள் எண்கள். மூன்றாவது வளையம், அவற்றின் பின்னால் எத்தனை பூஜ்ஜியம் சேர்க்க வேண்டும் என்று சொல்லும். பழுப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் 1, 0, அப்புறம் நான்கு பூஜ்ஜியம். அதாவது 1,00,000 ஓம். 12ஏஎக்ஸ்7 வால்வின் நேர்மின்வாய்களில் இருப்பது இதுதான். பழுப்பு, பச்சை, சிவப்பு என்றால் 1,500 ஓம்.

மின்தேக்கிகளில் பெரியவை மின்சாரத்தைச் சமன் செய்கின்றன. 5ஒய்3 தரும் நேர்திசை மின்னோட்டம் ஏறி ஏறி இறங்கும். மின்தேக்கி, ஏறும்போது மின்னூட்டத்தைச் சேமித்து இறங்கும்போது கொடுத்து, மேடு பள்ளத்தை நிரப்பிவிடும். இவற்றுக்குள் ஈரமான வேதிப்பொருள் இருக்கிறது. அறுபது ஆண்டில் அது உலர்ந்துபோகும். அதனால் பழைய பாகமே கிடைத்தாலும், இதை மட்டும் புதிதாகத்தான் போட வேண்டும். பழமை என்பதற்காக வைத்துக்கொள்ளக் கூடாத பாகம் இது.

கவனம்! உயிருக்கு ஆபத்து!

நண்பர்களே, இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். இந்த ஆம்ப்புக்குள் 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் இருக்கிறது. ஆளைக் கொன்றுவிடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கிகள் மின்னூட்டத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே பழைய ஆம்ப், பழைய வால்வு ரேடியோ, பழைய டிவி எதையும் நீங்கள் திறக்கக் கூடாது. முறையாகக் கற்ற பெரியவர் திறந்து வேலை செய்யும்போது தள்ளி நின்று பார்க்கலாம், கேள்வி கேட்கலாம்.

பெரியவர்களும் மறக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று, அந்தக் காலத்து ஆம்ப்புகளில் எர்த் வயர் கிடையாது. இரண்டு ஊசிப் பிளக்தான். கிடாரின் கம்பிகள் வயர் வழியாகச் சேஸிஸோடு இணைந்திருப்பவை. சேஸிஸில் மின்சாரம் கசிந்தால் அது வாசிப்பவரின் விரலுக்கே வந்துவிடும். அதனால் மறுபடி கட்டும்போது மூன்று ஊசிப் பிளக் போட்டு, எர்த் வயரைத் தகட்டோடு திருகி இறுக்க வேண்டும். இரண்டு, அமெரிக்க வீடுகளில் வருவது 120 வோல்ட்டை ஒட்டிய மின்சாரம். நம் ஊரில் 230 வோல்ட். இங்கே நேரே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும். 230 வோல்ட்டுக்கான டிரான்ஸ்ஃபார்மரைப் பொருத்த வேண்டும், அல்லது மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

முதல் மின்சாரம்

எல்லாம் கட்டியாயிற்று. உடனே சுவிட்சைப் போட்டுவிடலாமா? அனுபவசாலிகள் போடமாட்டார்கள். முதலில் ஒவ்வொரு இணைப்பையும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிறகு ஆம்ப்புக்குப் போகும் மின்சாரத்தின் வழியில் ஒரு பழைய குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைப்பார்கள். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் மின்னழுத்தம் முழுவதும் பல்பின் மேல் விழும். பல்பு பளீரென்று எரியும், ஆம்ப் தப்பிக்கும். எல்லாம் சரியாக இருந்தால் பல்பு ஒரு நொடி மின்னி மங்கிவிடும். இழை சூடாகி எரியும் பல்புதான் இதற்கு ஆகும். எல்.இ.டி. பல்பு உதவாது.

அடுத்து ஓம் விதிக்கு வேலை: மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம். 6வி6 வால்வின் எதிர்மின்வாயில் 470 ஓம் மின்தடை ஒன்று இருக்கிறது. அதன் இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் 19 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 19ஐ 470ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.04. அதாவது வால்வு வழியே 0.04 ஆம்பியர், 40 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. எந்த வயரையும் வெட்டாமல், வகுத்தல் கணக்கு ஒன்றைப் போட்டே வால்வின் உடல்நிலையைத் தெரிந்துகொண்டோம்.

பிடித்துப்போன பிழை

இப்போது கிடாரைச் செருகி மெதுவாக வாசித்தால் ஒலி தெளிவாக வரும். குமிழை முழுக்கத் திருகி வேகமாகத் தட்டினால், கரகரப்பான ஒரு கனத்த ஒலி வரும். ஏன்? வால்வால் ஓர் எல்லைக்கு மேல் மின்னோட்டத்தைக் கூட்டவும் முடியாது, சுழிக்குக் கீழே குறைக்கவும் முடியாது. அலையின் உச்சி அந்த எல்லையில் முட்டித் தட்டையாகிறது. தட்டையான அலையில் புதிய அதிர்வெண்கள் சேர்ந்துகொள்ளும். 110 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை வாசித்தாலும் அதோடு 220, 330, 440 என்று அதன் மடங்குகள் வலுத்து ஒலிக்கும். லியோ ஃபெண்டர் விரும்பியது தெளிவான ஒலியைத்தான். கலைஞர்களோ இந்தக் கரகரப்பையும் இசையாக்கினார்கள். பிறகு ராக் இசைக்கே அது அடையாளமாகிவிட்டது.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. சிறியது, வால்வு அளவுக்குச் சூடாகாதது, போகப் போக மலிவானது. ரேடியோவும் டிவியும் வால்வைக் கைவிட்டன. கிடார் ஆம்ப் மட்டும் விடவில்லை. ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆகிய நாடுகளில் இன்றும் வால்வுகள் தயாராகின்றன. நம் தகட்டுக்குத் தேவையான மூன்று வால்வுகளையும் புதிதாகவே வாங்கலாம்.

பொருளைத் திறந்து படித்தால் பழுதுபார்ப்பது மட்டுமல்ல, புதிதாகவும் படைக்கலாம். 1960களின் தொடக்கத்தில் லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவரோடு வேலை செய்தவர்களும், ஃபெண்டரின் ‘பாஸ்மேன்’ ஆம்ப்பின் மின்சுற்றைப் படித்து, அதை அடிப்படையாக வைத்துத் தங்கள் முதல் ஆம்ப்பைச் செய்தார்கள். உலகப் புகழ்பெற்ற மார்ஷல் ஆம்ப்புகள் அங்கிருந்துதான் கிளம்பின.

இன்று நாம் வாங்கும் பல பொருள்களைத் திறக்கவே முடிவதில்லை. பசையால் ஒட்டியிருக்கும், படமும் கிடைக்காது. பழுதானால் குப்பைதான். எல்லாப் பாகமும் போன பிறகும் ஒரு சாம்ப் மறுபடி எழுந்து நிற்கிறது என்றால், அதைச் செய்தவர் அடுத்துத் திறக்கப்போகிறவரை மனத்தில் வைத்துச் செய்தார் என்று பொருள். நாளை நீங்கள் பொறியாளராகி ஒரு கருவியை உருவாக்கும்போது, அதைத் திறக்க ஒரு திருகும், படிக்க ஒரு படமும் வையுங்கள்.

உங்களுக்கு ஒரு புதிர்

நம் ஆம்ப்பில் இருக்கும் மூன்று மின்தடைகளின் வண்ணங்கள் இவை. மதிப்பு என்ன?

1. சிவப்பு, சிவப்பு, மஞ்சள்
2. சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு
3. நீலம், சாம்பல், ஆரஞ்சு

விடை: 1) 2,20,000 ஓம் 2) 22,000 ஓம் 3) 68,000 ஓம். முதல் இரண்டுக்கும் ஒரு வளையம்தான் வித்தியாசம், ஆனால் மதிப்பில் பத்து மடங்கு!